பல் குத்த எது உதவும்? குச்சி, நூல், குட்டி பிரஷ், தண்ணீர்த் தாரை: ஓர் ஒப்பீடு

சாப்பிட்டுக் கை கழுவியாயிற்று. எதிரில் இருப்பவர் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார், நாமும் தலையாட்டிக்கொண்டிருக்கிறோம். நாக்கு மட்டும் பேச்சில் இல்லை. அது கடைவாயின் ஒரு மூலைக்குப் போய், அங்கே மாட்டியிருக்கும் ஒரு நாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. தள்ளிப் பார்க்கிறது, உறிஞ்சிப் பார்க்கிறது, வருகிற மாதிரி இருக்கிறது, வரவில்லை. அவர் எப்போது எழுந்து போவார், எப்போது விரலை வாய்க்குள் விடலாம் என்று காத்திருக்கிறோம்.

இந்த அவஸ்தை உள்ளவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: குச்சி போதுமா, ஃப்ளாஸ் என்கிற பல்லிடுக்கு நூல் வாங்க வேண்டுமா, தண்ணீர் பீச்சுகிற அந்த மெஷின் நல்லதா? "சிறு துரும்பும் பல் குத்த உதவும்" என்பதை அப்படியே நம்பி, குண்டூசி முதல் விசிட்டிங் கார்டின் முனை வரை உள்ளே விட்டுப் பார்த்த ஆள் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், இந்தக் கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. அதைக் கேட்காமல் எதை வாங்கினாலும் பாதிப் பேருக்கு அது வீண்.

## முதலில்: ஒரே இடத்திலா, வாய் முழுக்கவா?

ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். உணவு சிக்குவது எப்போதும் அதே இரண்டு பற்களுக்கு நடுவிலா, அல்லது இன்று இங்கே நாளை அங்கே என்று மாறி மாறியா?

பக்கத்துப் பக்கத்துப் பற்கள் ஒன்றையொன்று ஒரு சிறு புள்ளியில் இறுக்கமாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்தத் தொடுபுள்ளிதான் மேலிருந்து வரும் உணவு ஈறுக்குள் இறங்காமல் தடுக்கும் கதவு. ஓர் இடத்தில் மட்டும் திரும்பத் திரும்பச் சிக்குகிறது என்றால் அந்தக் கதவில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். 1930-இல் ஐசடோர் ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற பல் மருத்துவர் இந்தக் கோளாறுகளை ஐந்து வகையாகப் பிரித்தார்: கடிக்கும் பரப்பு தேய்வது, தொடுபுள்ளி கைவிட்டுப் போவது, எதிர்ப்பல் இல்லாததால் ஒரு பல் வரிசையைத் தாண்டி நீண்டு வருவது, பிறவியிலேயே அமைந்த கோணல், சரியில்லாமல் செய்யப்பட்ட பல் வேலை. கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு ஆகிவிட்டது, ஆனாலும் இன்றைக்கு ஒருவர் "எனக்கு இங்கேதான் மாட்டுது" என்று விரலை வைத்துக் காட்டினால், காரணம் பெரும்பாலும் இந்த ஐந்துக்குள் வந்துவிடும். சொத்தையால் விழுந்த ஓட்டையும், பாதி முளைத்த ஞானப்பல்லின் மேல் மூடிக் கிடக்கும் ஈறும் இதே குடும்பம்தான்.

வாய் முழுக்க ஆங்காங்கே சிக்குகிறது என்றால் கதை வேறு. ஈறு இறங்கி, பற்களின் அடியில் முக்கோண இடைவெளிகள் திறந்திருக்கலாம். அங்கே உணவு மேலிருந்து இறங்குவதில்லை, கன்னத்தாலும் நாக்காலும் பக்கவாட்டில் தள்ளப்பட்டுப் போய்த் தங்குகிறது. அல்லது எச்சில் குறைந்திருக்கலாம். நாளுக்கு அரை லிட்டருக்கும் மேல் சுரந்து வாயைக் கழுவிக்கொண்டே இருக்கும் திரவம் அது. ஒவ்வாமை, மன அழுத்தம், ரத்த அழுத்தம் ஆகியவற்றுக்குச் சாப்பிடும் பல மாத்திரைகள் அதைக் குறைத்துவிடும்.

முதல் வகைக்கு ஆயுதம் தற்காலிக ஏற்பாடு, ரிப்பேர்தான் தீர்வு. இரண்டாம் வகைக்கு ஆயுதமே தீர்வு. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது?

"எது சிறந்தது" என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. நான் பார்த்தவை இவை.

முதலாவது, அது எடுப்பது துணுக்கை மட்டுமா, பல்லில் ஒட்டும் பாசிப் படலத்தையும் சேர்த்தா? இரண்டும் ஒன்றல்ல. நம்மைப் பாடாய்ப் படுத்துவது இறைச்சி நாரும் பழ நாரும்தான். ஆனால் சொத்தையை உண்டாக்குவதில் அவற்றுக்குப் பெரிய பங்கில்லை. மாவாகக் குழைந்து சத்தமில்லாமல் ஒட்டிக்கொள்ளும் மாவுச்சத்தையும் சர்க்கரையையும்தான் படலத்தில் இருக்கும் பாக்டீரியா அமிலமாக்குகிறது. உறுத்துவது ஒன்று, அரிப்பது இன்னொன்று. உறுத்தல் போய்விட்டதென்று வேலை முடிந்ததாக நினைப்பதுதான் நாம் செய்யும் தவறு. நார் அப்பாவி என்றும் சொல்லவில்லை, நாள்கணக்கில் ஈறுக்குள் கிடந்தால் ஈறு வீங்கிவிடும்.

இரண்டாவது, உங்கள் இடுக்கின் அளவு. இறுக்கமான இடுக்குக்குப் பொருந்துவது அகலமான இடுக்கில் சும்மா ஆடும். மூன்றாவது, தவறாகப் பயன்படுத்தினால் ஈறுக்கு என்ன ஆகும். எல்லாரும் ஒரு நாளாவது தவறாகத்தான் பயன்படுத்துவோம். நான்காவது, பழக எவ்வளவு நாள். ஐந்தாவது, வெளியில் சாப்பிடும் இடத்திலும் கைகொடுக்குமா. கடைசியாக, பெட்டியின் மேல் எழுதாத செலவு: திரும்பத் திரும்ப வாங்குவது, குப்பை, நேரம், இடம்.

## கொப்பளிப்பது, சூயிங்கம் மெல்லுவது, சும்மா விடுவது

இவற்றைச் சுருக்கமாக முடித்துவிடலாம். உண்டவுடன் ஒரு வாய்த் தண்ணீரைக் கன்னம் உப்ப உப்ப அழுத்திக் கொப்பளித்தால் தளர்வாகக் கிடப்பவை வந்துவிடும். மாவுப் பொருள்களுக்கு இது உண்மையிலேயே நல்லது. இறுகச் சிக்கிய நாருக்கு உதவாது. மவுத்வாஷ் இதில் தண்ணீரைவிட மேல் இல்லை. மணக்கும், அவ்வளவுதான்.

சர்க்கரை இல்லாத சூயிங்கம் எச்சிலை ஊற வைக்கும், சில துணுக்குகளைத் தன்னோடு இழுத்தும் வரும். அளவு மீறினால் அதில் இனிப்புக்காகச் சேர்க்கும் சார்பிட்டால் வயிற்றைக் கலக்கிவிடும். சைலிட்டால் என்ற இன்னொரு இனிப்பு உள்ள கம் வீட்டு நாய்க்குக் கிடைத்துவிட்டால் அதன் உயிருக்கே ஆபத்து.

சும்மா விடுவதும் ஒரு வழியா? தளர்வாக இருப்பது சில மணி நேரத்தில் தானே போய்விடும், சரி. ஆனால் நாக்கு அதை நம்பாது. தலைமுடியைவிட மெல்லிய தாள் கடிபடும் பற்களுக்கு நடுவே இருந்தாலும் நம்மால் உணர முடியும். பல்லைத் தாங்கும் தசைநாரில் அப்படிப்பட்ட உணர்வு நரம்புகள் உண்டு. வாய்க்குள் இருக்கும் எதையும் நாக்கு பெரிதுபடுத்தியே சொல்லும் என்பதும் தெரிந்ததே. ஒரு கடுகளவு துணுக்கு முழுக் கடலையாகத் தோன்றுவது அதனால்தான்.

## பல்குச்சி

வரலாற்றில் இதற்கு நிகர் எதுவும் இல்லை. நியாண்டர்தால் மனிதர்களின் பற்களில், குச்சி போன்ற ஒன்றை இடுக்கில் திரும்பத் திரும்பத் தேய்த்ததால் விழுந்த பள்ளங்கள் கிடைத்திருக்கின்றன. எரிச்சல் அவ்வளவு பழையது, வைத்தியமும் அவ்வளவு பழையது.

குச்சியின் பலம், உடனே கிடைப்பது. பழகத் தேவையில்லை, கண்ணாடி தேவையில்லை, சாப்பிட்ட இடத்திலேயே வேலை முடிகிறது. மேற்பரப்பிலோ அகலமான இடுக்கிலோ நிற்கும் ஒரு பெரிய துணுக்கை எடுக்க இதைவிட வேகமானது இல்லை.

பலவீனம், அது ஒரு கூர்மையான கட்டை. பல்லின் பக்கவாட்டு வளைவைத் துடைக்காது, படலத்தை அப்படியே விட்டுவிடும். இடுக்கு இறுக்கமாக இருந்தால் உள்ளே போகாது. போகாததை நாம் விடுவதும் இல்லை, அழுத்துகிறோம். அழுத்தினால் துணுக்கு ஈறுக்குள் இன்னும் ஆழமாக இறங்கும், அல்லது ஈறு கிழியும், அல்லது முனை ஒடிந்து அதுவே புதிய துணுக்காகத் தங்கிவிடும். ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் குத்தினால் ஈறின் முனை மழுங்கி இடைவெளி பெரிதாகும். அப்புறம் இன்னும் அதிகம் சிக்கும், இன்னும் அதிகம் குத்துவோம். என் வாயில் நடந்தது இதுதான். கீழ்வரிசையில் இடப்பக்கக் கடைவாய்ப்பற்களுக்கு நடுவே, இரண்டு வருடம்.

குச்சியை வாயில் வைத்துக்கொண்டே பேசுவது, நடப்பது, படுத்துக்கொள்வது கூடாது. விழுங்கப்பட்ட குச்சி குடலைத் துளைக்கக்கூடும். 1941-இல் ஓர் அமெரிக்க எழுத்தாளர் கடல் பயணத்தில் இப்படித்தான் வயிற்றுக்குள் சீழ்பிடித்து இறந்துபோனார்.

ஆக, பையில் ஒன்று கிடக்கட்டும். தினசரிச் சுத்தத்துக்கு அதை நம்ப வேண்டாம். குண்டூசி, ஊக்கு, தீக்குச்சி, நகம், காகித முனை ஆகியவற்றுக்குத் தனித் தலைப்பு கொடுக்க மாட்டேன். பழமொழி என்னவோ துரும்போடு நிறுத்திக்கொண்டது. ஊசிக்கு அது அனுமதி தரவில்லை.

## நூல் (ஃப்ளாஸ்)

லெவி ஸ்பியர் பார்ம்லி என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1819-இல் வெளியிட்ட புத்தகத்தில், மெழுகு தடவிய பட்டு நூலைப் பல்லிடுக்கில் விட்டு இழுக்கச் சொன்னார். நூலைப் பரிந்துரைத்ததும் ஒரு நூலில்தான். 1882-இல் பட்டு ஃப்ளாஸ் கடைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பட்டின் இடத்தை நைலான் பிடித்தது. இன்று நைலானும், வழுக்கிக்கொண்டு போகும் டெஃப்லான் நாடாவும் கிடைக்கின்றன.

இறுக்கமான இடுக்குக்கு நூலைவிட்டால் வேறு வழி இல்லை. தொடுபுள்ளியைத் தாண்டி உள்ளே போகக்கூடிய ஒரே சாதனம் இதுதான். ஆனால் முறை தெரிய வேண்டும். சுமார் 45 செ.மீ. எடுத்து இரண்டு நடுவிரல்களிலும் சுற்றிக்கொண்டு, நடுவில் விரலளவு மட்டும் விட வேண்டும். மரம் அறுப்பதுபோல் முன்னும் பின்னும் மெல்ல ஆட்டி இறக்க வேண்டும். ஒரேயடியாக அழுத்தினால் சடக்கென்று இறங்கி ஈறை வெட்டும். உள்ளே போனதும் ஒரு பல்லை அணைத்தாற்போல் வளைத்து, ஈறின் விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை இறக்கி மேலே வழிக்க வேண்டும். பிறகு அதே இடுக்கில் பக்கத்துப் பல்லை. பலரும் நேராக இறக்கி நேராக ஏற்றிவிட்டு "ஃப்ளாஸ் பண்ணினேன்" என்கிறார்கள். துணுக்கு போயிருக்கும், படலம் அங்கேயே இருக்கும்.

பிடிவாதமான துணுக்கு என்றால் நூலின் நடுவில் ஒரு சின்ன முடிச்சுப் போட்டு, முடிச்சைப் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள். பொரித்த மக்காச்சோளத்தின் தோல் ஈறோடு ஒட்டிக்கொண்டால் இதுதான் கைகண்ட வைத்தியம். ஆடுகிற ஃபில்லிங்கோ கேப்போ இருந்தால் நூலை மேலே இழுக்காமல் ஒரு முனையை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் உருவுங்கள்.

நூலுக்கு ஒரு கூடுதல் குணம் உண்டு. அது துப்பறியும். எல்லா இடத்திலும் இறங்கும்போது "டக்" என்று ஒரு சின்னத் தடை தெரியும். ஓர் இடத்தில் மட்டும் தடையே இல்லாமல் சர்ரென்று இறங்கினால் அங்கே கதவு திறந்திருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் ஒவ்வொரு முறையும் நூல் பிசிறு பிசிறாகக் கிழிந்தால் அங்கே ஃபில்லிங்கின் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கலாம், அல்லது சொத்தை ஆரம்பித்திருக்கலாம். என் கடைவாய் ரகசியத்தை உடைத்தது கிழிந்த நூல்தான். இரண்டு வருடம் குச்சி சொல்லாததை அது இரண்டு நாளில் சொன்னது.

மறைவான செலவு, பொறுமை. முதல் வாரத்தில் விரல் நுனி நீலமாகும், எச்சில் முழங்கை வரை வழியும், ஈறில் ரத்தம் வரும். ரத்தத்தைக் கண்டு நிறுத்துபவர்கள் அதிகம். தினமும் செய்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

விரல் சுற்ற முடியாதவர்களுக்குப் பிடி வைத்த நூல் உண்டு, சின்ன வில் போல. ஒரு கையால் செய்யலாம். குழந்தைகளின் வாயில் பெரியவர்கள் செய்யவும் வசதி. நூல் விறைப்பாகக் கட்டப்பட்டிருப்பதால் பல்லை அணைத்து வளைக்க முடியாது, அதே அரை அங்குல நூல்தான் எல்லா இடுக்குக்கும் போக வேண்டும், முடிந்ததும் பிளாஸ்டிக் குப்பை. ஆனாலும் சரியாகச் செய்யாத நூலைவிட, தினமும் செய்கிற வில் மேல் என்பேன்.

## குட்டி பிரஷ் (இன்டர்டென்டல் பிரஷ்)

பாட்டில் கழுவும் பிரஷை விரல் நக நீளத்துக்குச் சுருக்கினால் இதுதான். நடுவில் மெல்லிய கம்பி, சுற்றிலும் மயிர். நூல் தோற்கும் இடத்தில் இது ஜெயிக்கிறது. ஈறு இறங்கிய பற்களின் பக்கவாட்டில், வேர்ப்பகுதியில், லேசான உட்குழிவுகள் உண்டு. இழுத்துப் பிடித்த நூல் குழிவின் மேலே பாலம் போட்டதுபோல் தாண்டிப் போய்விடும். பிரஷின் மயிர் குழிவுக்குள் போய்த் துழாவும்.

ஆதாரம் என்று பார்த்தாலும் இதன் பக்கம்தான் சற்றுச் சாய்வு. பல்லிடைச் சாதனங்களைப் பற்றி, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2019-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 35 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 3,929 பேரையும் எடுத்துக்கொண்டது. பல் துலக்குவதோடு நூலோ குட்டி பிரஷோ சேர்ந்தால் ஈறு அழற்சி குறையக்கூடும், அதிலும் பிரஷ் நூலைவிட மேலாக இருக்கக்கூடும் என்றது. சான்றுகளின் உறுதி குறைவு என்றும் அதுவே சொன்னது. இடுக்கில் வரும் சொத்தை குறைகிறதா என்பதை அந்த ஆய்வுகளில் ஒன்றுகூட அளக்கவில்லை. 2016-இல் "ஃப்ளாஸ் செய்வதற்கு ஆதாரமே இல்லை" என்று செய்தி பரவியது நினைவிருக்கலாம். ஆதாரம் பலவீனம் என்பதும் பயனில்லை என்பதும் வேறு வேறு. எப்படியிருந்தாலும், மாட்டிய நாரை எடுக்க யாருக்கும் ஆய்வு தேவையில்லை, எடுத்தவுடன் தெரிந்துவிடுகிறது.

இதில் எல்லாமே அளவைப் பொறுத்தது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடுக்கில் நுழைவதிலிருந்து பெரியது வரை, நிறம் நிறமாகப் பல அளவுகள். ஒரே வாய்க்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று அளவு வேண்டியிருக்கும். மயிர் இருபக்கப் பல்லையும் லேசாக உரச வேண்டும், கம்பி பல்லில் இடிக்கக் கூடாது. அழுத்தினால்தான் போகும் என்றால் அது பெரிது. சுற்றி எதிலும் படாமல் போனால் அது சிறிது. முதல் முறை பல் டாக்டரையோ அங்கே பல் சுத்தம் செய்துவிடுபவரையோ அளவு பார்த்துத் தரச் சொன்னால் தவறான பாக்கெட்டுகளாக வாங்கிக் குவிப்பது மிச்சம். நான் அப்படிச் செய்யவில்லை. மேஜை இழுப்பறையில் இன்னும் ஒரு கொத்து ஆரஞ்சு நிறப் பிரஷ்கள் கிடக்கின்றன.

ஈறைக் குத்தாமல் நேராக விட்டு, இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் இழுத்தால் போதும். கடைவாய்க்குப் பிரஷின் கழுத்தை லேசாக வளைத்துக்கொள்ளலாம். பற்பசை வேண்டாம், தண்ணீரில் நனைத்தால் போதும். கழுவி உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம். மயிர் விரிந்தாலோ கம்பி வளைந்து பலவீனமானாலோ எறிந்துவிட வேண்டும். இதுதான் இதன் தொடர் செலவு, ஆண்டு முழுக்க வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். பற்கள் நெருக்கமாக உள்ளவர்களுக்கு இது பயன்படாது, கட்டாயப்படுத்தி நுழைத்தால் ஈறுக்குத்தான் கேடு.

கம்பி இல்லாத ரப்பர் முனைக் குச்சிகளும் உண்டு. குச்சிக்கும் பிரஷுக்கும் நடுவில் ஒரு சமரசம். ஈறுக்கு மென்மை, பையில் வைக்க வசதி, ஆனால் துழாவும் வேலையில் பிரஷுக்கு ஒரு படி கீழே. வெளியில் சாப்பிடும்போது நான் கொண்டுபோவது இதைத்தான்.

## தண்ணீர்த் தாரை (வாட்டர் ஃப்ளாஸர்)

1962-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ஃபோர்ட் காலின்ஸ் நகரத்தில், ஜெரால்ட் மோயர் என்ற பல் டாக்டரும் ஜான் மாட்டிங்லி என்ற பொறியாளரும் சேர்ந்து உருவாக்கியது. விட்டு விட்டு அடிக்கும் மெல்லிய தாரை துணுக்கை அடித்துக்கொண்டு வெளியே வரும்.

பல்லில் கம்பி கட்டியவர்களுக்கு இது வரப்பிரசாதம். கம்பிக்கு அடியில் நூல் கோக்கப் பொறுமை உள்ளவர்கள் எத்தனை பேர்? பாலம் போட்ட பல், இம்ப்ளான்ட் (எலும்பில் பதித்த செயற்கைப் பல்), கை நடுக்கமோ மூட்டு வலியோ உள்ளவர்கள் என்று இந்த வரிசை நீளும். துணுக்கை எடுக்கும் திருப்தியில் இதற்கு முதல் மதிப்பெண். கை கழுவும் தொட்டியில் மிதப்பதைப் பார்த்தால் இவ்வளவு நேரம் இதெல்லாம் எங்கே இருந்தது என்று தோன்றும்.

ஆனால் ஒட்டிய படலத்தைத் தாரை எவ்வளவு எடுக்கிறது என்பதில் ஆய்வுகள் ஒன்றுபோல் பேசவில்லை. காக்ரேன் தொகுப்பில் ஈறு அழற்சி ஓரளவு குறையக்கூடும் என்று வந்தது, படலத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஒட்டிய குழம்புத் தட்டை வெறும் தண்ணீரைப் பீச்சிக் கழுவுவதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். தேய்க்காமல் பிசுக்கு போகாது.

பெட்டியில் எழுதாத செலவு இதற்குத்தான் அதிகம். முதல் செலவே பெரிது. மெஷினின் தொட்டியில் தண்ணீரை விட்டுவைத்தால் பாசி பிடிக்கும், தினமும் காலி செய்து உலர்த்த வேண்டும். பாட்டரி ஒரு நாள் சாகும், முனைகளை மாற்ற வேண்டும், இரவில் வீடு முழுக்கச் சத்தம் கேட்கும். முதல் வாரம் கண்ணாடி, சட்டை, சுவர் எல்லாம் குளிக்கும். (உதடுகளை லேசாக மூடி, கை கழுவும் தொட்டிமேல் குனிந்து, தண்ணீரை வழிய விட வேண்டும் என்பது மூன்றாம் நாள்தான் எனக்குப் புரிந்தது.) பல்லில் கூச்சம் இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள், வேகத்தைக் குறைவிலிருந்து தொடங்குங்கள். செயற்கை இதய வால்வு வைத்தவர்கள், இதய உள்ளுறைத் தொற்று வந்தவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. ஈறில் சீழ் இருக்கும் இடத்தில் பீச்ச வேண்டாம்.

## ரிப்பேர்

இது ஒப்பீட்டுப் பட்டியலில் யாரும் சேர்க்காத வழி. ஒரே இடத்தில் சிக்கும் ஆள்களுக்கு இதுதான் முதலில் யோசிக்க வேண்டியது.

என் விஷயத்தில் நடந்தது இது. பல வருடங்களுக்கு முன் ஓரிடத்தில் போட்ட ஃபில்லிங், பக்கத்துப் பல்லைத் தொடாமல் தட்டையாக முடிந்திருந்தது, அடியில் விளிம்பும் துருத்திக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டுத் தொடுபுள்ளி வரும்படி மறுபடி போட்டார்கள். ஒரு மணி நேர வேலை. அன்று இரவே நூல் "டக்" என்றது. குச்சி வாங்குவதும் அன்றோடு நின்றது.

காரணத்தைப் பொறுத்து வேலை மாறும். சொத்தை என்றால் அடைப்பது. எதிர்ப்பல்லின் கூர்மையான முனை உணவை ஆப்புபோல் உள்ளே அடிக்கிறது என்றால் அந்த முனையைக் கொஞ்சம் மழுக்குவது. பெரிய சேதம் என்றால் கேப். ஞானப்பல் ஈறு மூடி என்றால் மூடியை எடுப்பது அல்லது பல்லையே எடுப்பது. இம்ப்ளான்ட் வைத்த இடத்தில் சில வருடங்கள் கழித்துத் திடீரென்று சிக்க ஆரம்பித்தால் ஆச்சரியப்பட வேண்டாம். இயற்கைப் பற்கள் வாழ்நாள் முழுக்க மெல்ல முன்னோக்கி நகரும், எலும்போடு இறுகிய இம்ப்ளான்ட் நகராது. நடுவில் கதவு திறந்துகொள்ளும். கேப்பில் அந்தப் பக்கம் கொஞ்சம் சேர்த்துத் தரச் சொல்லலாம்.

ரிப்பேரின் மறைவான செலவு, அது எப்போதும் சாத்தியமில்லை என்பது. எலும்பு கரைந்து ஈறு இறங்கியதால் வந்த இடைவெளியை மூடுவது பெரும்பாலும் நடக்காது. அவர்களிடம் நேர்மையான டாக்டர் குட்டி பிரஷைத்தான் கொடுத்தனுப்புவார். மூன்று நான்கு இடைவெளிகளை மூடக் கேப் கேப்பாகப் போடச் சொன்னால் இன்னொருவரிடமும் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

## ஒரே பார்வையில்

| | துணுக்கு | படலம் | ஏற்ற இடுக்கு | பழக | வெளியில் | எழுதாத செலவு |
|---|---|---|---|---|---|---|
| கொப்பளிப்பது | தளர்ந்தது மட்டும் | இல்லை | எதுவும் | உடனே | ஆம் | இல்லை |
| பல்குச்சி | நன்று | இல்லை | அகலமானது | உடனே | ஆம் | ஈறுக் காயம், முனை ஒடிவது |
| நூல் | நன்று | நன்று, முறை தெரிந்தால் | இறுக்கமானது | இரண்டு மூன்று வாரம் | கழிப்பறைக் கண்ணாடி முன் | பொறுமை |
| பிடி வைத்த நூல் | நன்று | சுமார் | இறுக்கமானது | சில நாள் | ஆம் | குப்பை |
| குட்டி பிரஷ் | மிக நன்று | மிக நன்று | திறந்த இடுக்கு | சில நாள் | ஆம் | தொடர்ந்து வாங்குவது, அளவு தவறுவது |
| தண்ணீர்த் தாரை | மிக நன்று | சுமார் | எதுவும்; கம்பி, பாலம் | ஒரு வாரம் | கடினம் | மெஷின், பாசி, சத்தம் |
| ரிப்பேர் | சிக்குவதே நிற்கும் | பொருந்தாது | ஒரே இடம் | பொருந்தாது | பொருந்தாது | எப்போதும் முடியாது |

## அப்போ யாருக்கு எது?

பற்கள் நெருக்கமாக, ஈறு நன்றாக இருக்கும் ஆளுக்கு நூல். இரவில் ஒரு முறை போதும். படலம் முதிர்ந்து கெடுதல் செய்ய ஒரு நாளுக்கு மேல் ஆகும். நாற்பது ஐம்பதைத் தாண்டி ஈறு இறங்கியவர்களுக்குக் குட்டி பிரஷ், நெருக்கமான முன்பற்களுக்கு மட்டும் நூல். இந்தக் கலவைதான் பெரும்பாலான பெரியவர்களுக்குப் பொருந்தும் என்பது என் கணிப்பு. கம்பி கட்டியவருக்குத் தாரையும், இடம் கிடைக்கும் இடத்தில் குட்டி பிரஷும். வாய் உலர்பவர் எதை வாங்கினாலும் முதலில் மாத்திரைச் சீட்டை டாக்டரிடம் காட்டட்டும். கழற்றி மாட்டும் பல்செட்டுக்கு அடியில் உணவு போகிறது என்றால் இவை எதுவும் வேண்டாம். சாப்பிட்டதும் கழற்றிக் கழுவுங்கள், தளர்ந்திருந்தால் சரிசெய்யக் கொடுங்கள்.

எலுமிச்சை, குளிர்பானம் மாதிரிப் புளிப்பானது சாப்பிட்ட கையோடு பல் துலக்க ஓடாதீர்கள். எனாமல் அப்போது சற்று மிருதுவாக இருக்கும், அரை மணி நேரமாவது போகட்டும். துணுக்கை நூலால் எடுப்பதற்கு அந்தத் தடை இல்லை.

பல்லில் எதுவும் இல்லை, ஆனாலும் தொண்டைப் பக்கம் ஏதோ மாட்டினாற்போல் இருக்கிறது, வெள்ளையாக நாற்றமடிக்கும் சிறு உருண்டை எப்போதாவது வருகிறது என்றால், அது டான்சில் குழியில் சேரும் கல். அதற்குக் குச்சியோடு போகாதீர்கள். உப்புத் தண்ணீரால் தொண்டையைக் கொப்பளியுங்கள், அடிக்கடி வந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள்.

இரண்டு மூன்று நாள் முயன்றும் ஒரு துணுக்கு வரவில்லை, அந்த இடத்து ஈறு வீங்கி, தொட்டால் வலிக்கிறது என்றால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டுக் காட்டிவிடுங்கள். முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ வாய் திறக்க முடியாமல் போனாலோ அன்றே போக வேண்டும். போகும்போது எந்த இரண்டு பற்களுக்கு நடுவே, எத்தனை மாதமாக, நூல் கிழிகிறதா வழுக்குகிறதா என்பதைச் சொல்லுங்கள். வலி இல்லாத நாளில் போனால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும். எனக்கு அப்படி ஒரு முறை "ஒன்றுமில்லை" என்று திருப்பி அனுப்பிய அனுபவம் உண்டு. இரண்டாம் முறை கிழிந்த நூலைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் போனேன்.